வண்ணார்பேட்டையில் ஒரு கேம் சர்வீஸ் கடை: பழுது, பூட்டு, பதிவேடு

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே அமைந்திருக்கும் மிகச் சிறிய கடை ஒன்று வீடியோ கேம் பெட்டிகளை மட்டுமே பழுது பார்க்கிறது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் காத்திருக்க வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைகள் சந்துக்குச் சந்து இருக்கும் ஊரில், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ என்று கன்சோல்களுக்காகவே ஒருவர் கடை நடத்திப் பிழைக்க முடிகிறது என்பதே முதலில் வியப்பாக இருந்தது. கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். அவர் செய்யும் வேலையில் ஒரு பகுதி, அதாவது நிறுவனங்கள் பெட்டிக்குள் வைத்திருக்கும் பூட்டைத் திறந்து கொடுப்பது, சட்டத்துக்கு உட்பட்டதே என்றாலும், அதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இந்த மதிப்புரையில் அந்தப் பகுதியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. லென்ஸ் மாற்றுவதையும் பட்டன் மாற்றுவதையும் பற்றி மட்டும் என்றால் நான்கு வரி போதும்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடைக்குச் சென்றவை மூன்று. டிஸ்க்கைப் படிக்க மறுத்த மெலிந்த வகை பிஎஸ்2, அதாவது பிளேஸ்டேஷன் 2, ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, அதன் பிறகு அலமாரியில் கிடந்த பழைய கனமான பிஎஸ்3 ஒன்று. அக்கா மகனுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறிய அந்த நாட்களில், கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள் பலருக்கு டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எல்லாமே போயிற்று. அந்தக் கணக்கில் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியை யாரும் சேர்ப்பதில்லை. அது வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாக இருந்தால் இங்கே வாரண்டியும் இல்லை, கம்பெனி சர்வீஸும் இல்லை. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடா நாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வந்த பெட்டிகள் வீட்டுக்கு வீடு உண்டு. இப்படிப்பட்ட கடைகளின் உண்மையான வாடிக்கையாளர்கள் அவர்கள்தாம்.

முதலில் பிஎஸ்2. டிஸ்க் படிக்கவில்லை என்று இந்தப் பெட்டியைக் கொண்டுபோனால் சில கடைகளில் செய்யும் வேலை எனக்குத் தெரியும். லேசருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிரிசெட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகி, லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிவிடுவார்கள். பெட்டி உடனே படிக்கும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார், கொஞ்ச நாளில் லேசர் முழுவதுமாக உயிரை விடும். இந்தக் கடைக்காரர் பிரிசெட்டைத் தொடவில்லை. தண்டவாளம் போன்ற அந்த இரண்டு கம்பிகளில் காய்ந்து இறுகியிருந்த பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாகத் தடவி, லென்ஸை ஐபிஏ என்னும் ஆல்கஹால் திரவத்தால் சுத்தம் செய்து சோதித்துப் பார்த்தார். அப்போதும் படிக்கவில்லை என்று கண்ட பிறகே லென்ஸை மாற்ற வேண்டும் என்றார். புது லென்ஸ் வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். நிலைமின்சாரம் பாய்ந்து லேசர் கெடாமல் இருப்பதற்காக, தயாரிப்பாளர்கள் அதன் சிறிய போர்டில் இரண்டு புள்ளிகளை ஒரு ஈயப் பொட்டால் சேர்த்து அனுப்புகிறார்கள். பெட்டியில் பொருத்திய பிறகு அந்தப் பொட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் புது லென்ஸும் டிஸ்க் படிக்காது. மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு, சால்டரிங் ஐயனின் நுனியை ஒரு நொடி வைத்து அந்தப் பொட்டை அவர் எடுத்த விதத்திலேயே கை பழகியவர் என்பது தெரிந்தது. லென்ஸுக்கு 850 ரூபாய், கூலி 400 ரூபாய். இந்த வேலைக்கு இது நியாயமான தொகை.

பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல் அவர் இன்னொன்றையும் சொன்னார். பிஎஸ்2 தயாரிப்பு 2013 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இப்போது கிடைக்கும் லென்ஸ்களில் நல்லவை பெரும்பாலும் பழைய பெட்டிகளிலிருந்து கழற்றியவை; புதியவை என்று விற்கப்படுபவற்றின் ஆயுளுக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார். ஆகவே டிஸ்க்கைச் சுழற்றாமலே விளையாட ஒரு வழி செய்துகொள்வது நல்லது என்பது அவர் கருத்து. மெமரி கார்டில் ஒரு மென்பொருளை ஏற்றிவிட்டால் பெட்டி தொடங்கும்போதே அது இயங்கி, பென் டிரைவிலிருந்தோ வீட்டு நெட்வொர்க்கிலிருந்தோ விளையாட்டை எடுத்து ஓட்டும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, சிப் வைக்க வேண்டியதில்லை. பிஎஸ்2 வில் உள்ள யுஎஸ்பி பழைய மெதுவான வகை என்பதால் இடையில் வரும் வீடியோக் காட்சிகள் திக்கித் திணறும் என்பதையும், நெட்வொர்க் கேபிள் வழியாக ஓட்டினால் அந்தக் குறை பெரிதும் நீங்கும் என்பதையும் அவராகவே சொன்னார். விற்க வேண்டிய பொருளின் குறையை விற்கும் முன்பே சொல்லும் கடைக்காரர்கள் நம் ஊரில் அருகிவிட்டார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து அவர் போட்ட நிபந்தனைதான் இந்தக் கடையை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. "அண்ணாச்சி, ஒங்ககிட்ட இருக்க ஒரிஜினல் டிஸ்க் எல்லாத்தையும் கொண்டாங்க. அதுல இருந்து மட்டுந்தான் எடுத்துத் தருவேன். டிஸ்க் இல்லாம இந்த கேம் வேணும், அந்த கேம் வேணும்னா அதுக்கு வேற கடை கெடக்கு" என்றார். சுவரிலும் கையால் எழுதிய ஓர் அட்டை தொங்குகிறது: கேம் ஏற்றித் தரப்படாது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை நூற்றுக்கணக்கான விளையாட்டுகளால் நிரப்பி, பெட்டியோடு சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் பலருக்கும் முக்கிய வருமானமாக இருக்கும்போது, அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கடை வாடகையைக் கட்டுவது எளிதான காரியம் அல்ல.

என்னுடைய டிஸ்க்குகளைக் கொண்டுபோனபோது அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தார்: தேதி, பெயர், முகவரி, போன் நம்பர், பெட்டியின் சீரியல் எண், செய்த வேலை, எதற்காக. என் வரிசையில் கடைசிக் கட்டத்தில் "சொந்த டிஸ்க் 11, லென்ஸ் போனாலும் ஓட்ட" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். டிஸ்க்குகளின் பெயர்களையும் ஒரு தனித்தாளில் எழுதி அதே பக்கத்தில் ஒட்டினார். பழைய பெட்டியைச் சரிசெய்ய வந்தவரிடம் எதற்காக இத்தனை விவரம் என்று சிலர் சலித்துக்கொள்வதும் உண்டாம். சட்டத்தைப் படித்துப் பார்த்தவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டினுடையது. அதில் 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 65ஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையைக் காப்பதற்காக வைக்கப்பட்ட ஒரு தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைக்கிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அந்தப் பிரிவு. இதில் உயிர்நாடி, மீறும் எண்ணத்தோடு என்ற நிபந்தனையே. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இச்சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காகப் பூட்டை உடைப்பதை முதல் உட்பிரிவு தடுக்காது என்கிறது. கூடவே ஒரு கடமையையும் விதிக்கிறது. அப்படிப்பட்ட நோக்கத்துக்காக இன்னொருவருக்கு உதவி செய்கிறவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, அவரை அடையாளம் காணத் தேவையான பிற விவரங்கள், எந்த நோக்கத்துக்காக உதவினார் என்பது ஆகிய அனைத்தையும் முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். வண்ணார்பேட்டையின் நீள நோட்டு இந்த வாசகத்திலிருந்து பிறந்ததுதான். ஒரு வழக்கறிஞர் வாடிக்கையாளர் இதை எடுத்துச் சொன்னதிலிருந்து நோட்டுப் போடுவதாகக் கடைக்காரர் கூறினார்.

சொந்த டிஸ்க்கிலிருந்து நகல் எடுப்பது தடை செய்யப்படாத நோக்கமா என்று கேட்கலாம். நம் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்த்திருக்கிறது. விளையாட்டுக்குள்ளும் இருப்பது நிரலே. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று பட்டியலிடும் 52 ஆம் பிரிவில், நிரலின் ஒரு பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ சேதமடைந்தாலோ என்று தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதை எந்தப் பயன்பாட்டுக்காக வாங்கினாரோ அந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அது உதவ வேண்டும். இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால், என் பதினொரு டிஸ்க்குகளிலிருந்து எடுத்த நகல்களோடு நான் நிம்மதியாக உறங்கலாம் என்பது என் வாசிப்பு. அதே நகல்களை நண்பருக்குக் கொடுத்தாலோ, டிஸ்க்கை விற்றுவிட்டு நகலை வைத்துக்கொண்டாலோ அந்த நிம்மதி எனக்கு இல்லை.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் நம் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு நிதானமானது என்பது விளங்கும். டிஎம்சிஏ எனப்படும் அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எதற்காக உடைத்தாய் என்று கேட்பதற்கு முன்பே பூட்டை உடைப்பதைக் குற்றத்தின் பக்கம் வைத்துவிடுகிறது. விலக்கு வேண்டும் என்றால், அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசீலித்து வழங்கும் பட்டியலில் இடம்பெற வேண்டும். கேம் கன்சோலில் பழுதான டிஸ்க் டிரைவை மாற்றுவதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு அந்தப் பட்டியலில் ஏறியது 2021 அக்டோபரில்தான். அதுவும் வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பூட்டைத் திறக்கும் கருவியை விற்பதற்கு அனுமதி தர அந்தத் தலைவருக்கே அதிகாரம் கிடையாது. சொந்தமாகக் கருவி செய்துகொள்ளத் தெரிந்தவனுக்கே அந்த உரிமை பயன்படும் என்பது விசித்திரமான ஏற்பாடு.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு மாதிரி நடந்தது. முதல் பிளேஸ்டேஷனின் பூட்டு எப்படி வேலை செய்தது என்பதை அறிந்தால் அந்தத் தீர்ப்பு சுலபமாக விளங்கும். சோனியின் அசல் டிஸ்க்குகளில் உள்விளிம்புப் பகுதியின் தடம் நேராக இல்லாமல் மெல்ல நெளிந்து செல்லும்; அந்த நெளிவில்தான் ஜப்பானா அமெரிக்காவா ஐரோப்பாவா என்று சொல்லும் நான்கெழுத்துக் குறி ஒளிந்திருக்கிறது. வீட்டுக் கணினியின் சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. ஆகவே நகல் எடுப்பதை எதுவும் தடுப்பதில்லை. எடுத்த நகலைப் பெட்டி ஏற்பதில்லை, அவ்வளவுதான். போர்டில் சில கம்பிகளால் சால்டர் செய்யப்படும் மாட் சிப், டிஸ்க்கில் இல்லாத அந்தக் குறியைத் தானே பெட்டிக்கு ஓதிவிடும். நகல் டிஸ்க்கும் ஓடும், வேறு நாட்டிலிருந்து வாங்கி வந்த அசல் டிஸ்க்கும் ஓடும். 2005 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், இந்தப் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த பிறகு பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, எனவே அந்நாட்டுச் சட்டம் வரையறுத்த பொருளில் இது பாதுகாப்புச் சாதனமே அல்ல என்று சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, அமெரிக்காவோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த இடைவெளியை அடைத்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஜனவரியில் நிண்டெண்டோ தொடர்பான வழக்கில், பூட்டு தேவைக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்றும், அதை மீறும் கருவி நடைமுறையில் எதற்காகப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி நடுவழியில் நின்றது.

இந்தியாவில் கடைக்காரர்கள் மீது வழக்கே வராது என்று இதை வைத்து யாரும் எண்ணிவிட வேண்டாம். பிளேஸ்டேஷன்களை ஜெயில்பிரேக் செய்து, அதாவது பூட்டை உடைத்து, கொடுத்தவர்களுக்கு எதிராக சோனி நிறுவனம் 2012 இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியிருக்கிறது. விளையாட்டுகளை நகலெடுத்து விற்பதற்கு 65ஏ தேவையே இல்லை. 63 ஆம் பிரிவு போதும். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம். இந்தக் குற்றம் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விடக் கூடாத வகையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் கூறிவிட்டது. வாங்குகிறவருக்கும் 63பி பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவது குற்றம். வருமானத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். ஹார்ட் டிஸ்க் நிறைய விளையாட்டுகளை ஏற்றி வாங்கி வருகிறவர்கள் இந்த வரியை ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது.

நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலே, குண்டர் சட்டத்தில் போட்டுவிடுவார்கள் என்று யாராவது ஒருவர் சொல்கிறார். அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1982 ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 2004 ஆம் ஆண்டு வீடியோ திருட்டில் ஈடுபடுகிறவர்களும் சேர்க்கப்பட்டார்கள். திருட்டு விசிடி சோதனைகளை நேரில் பார்த்த தலைமுறைக்கு, வட்டமான டிஸ்க் எதுவானாலும் போலீஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் திருத்தம் திரைப்படத் திருட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சொந்தப் பெட்டியைத் திறந்து லென்ஸ் மாற்றுகிறவரையும் மெமரி கார்டில் மென்பொருள் ஏற்றுகிறவரையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி பிஎஸ்3. வெள்ளத்தண்ணீர் புகுந்த பெட்டியைத் திறந்தபோது மதர்போர்டு பெரும்பாலும் தப்பித்திருந்தது. டிஸ்க் டிரைவுக்குரிய சிறிய போர்டுதான் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. சாதாரணமாக இன்னொரு பழைய பெட்டியிலிருந்து ஒரு போர்டை எடுத்துப் பொருத்தினால் முடிந்துவிட வேண்டிய வேலை இது. ஆனால் சோனி அந்த டிரைவ் போர்டையும் மதர்போர்டையும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்து அனுப்புகிறது. வேறு போர்டை வைத்தால் பெட்டி உயிர்பெறும், டிஸ்க்கை மட்டும் படிக்காது. அமெரிக்காவில் 2021 இல் விலக்கு கேட்கப்பட்டது இந்தத் துன்பத்துக்காகத்தான். கடைக்காரர் பெட்டியின் மென்பொருளை மாற்றி, அந்தப் பெட்டிக்கே உரிய சாவித் தரவை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பிறகு புதிய போர்டை மதர்போர்டோடு மறுபடியும் இணைத்தார். இந்த வேலை பழைய கனமான பெட்டிகளிலும் முதலில் வந்த மெலிந்த வகைகள் சிலவற்றிலும்தான் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். நோட்டில் இதற்கு எழுதிய நோக்கம்: "டிரைவ் போர்டு மாற்ற." இதைவிடத் தெளிவாக ஒரு நல்ல நோக்கத்தை எழுத முடியாது.

இங்கே ஒரு சிறு விலகல். இதே பிஎஸ்3 பெட்டியை வாங்கிய நாளில் அதில் லினக்ஸ் போட்டுக் கணினியாகப் பயன்படுத்தும் வசதி இருந்தது. அதை விளம்பரப்படுத்தியும் விற்றார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த அப்டேட்டில் சோனி அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் செய்யாதவர்கள் ஆன்லைனில் விளையாட முடியாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து ஒரு பகுதியைப் பிறகு வந்து எடுத்துச் செல்லும் உரிமை விற்றவருக்கு இருக்கிறது, ஆனால் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு இல்லை என்று வாதிடுவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. பெட்டியை மாற்றியமைக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது திருட்டு விளையாட்டைப் பற்றி மட்டுமே பேசி முடித்துவிடுவது, நிறுவனங்களுக்கு வசதியான பழக்கம்.

அக்கா மகனின் ஸ்விட்ச்சில் கடைக்காரர் செய்ததும் செய்யாததும் சேர்ந்தே என் மதிப்பை உயர்த்தின. ஜாய்கான் என்னும் அதன் கைப்பிடிக் கன்ட்ரோலரில், குச்சியைத் தொடாமலே அது தானாக நகர்வது போல் காட்டும் டிரிஃப்ட் குறைக்காகக் கொண்டுபோனோம். அதைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். பையனின் உள்ளெண்ணம் வேறு. அவனுடையது 2017 இல் வந்த முதல் வகைப் பெட்டி. அதன் சிப்பிலேயே உள்ள ஒரு பிழை 2018 இல் வெளியானது, அதை எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியாது. "அண்ணே, இதுல எல்லாக் கேமும் ஃப்ரீயா போடலாமாம்லா?" என்று கேட்டான். "ஏல தம்பி, பெட்டி ஒன்னது, அதுல எது வேணும்னாலும் பண்ணிக்கிடலாம். கேமு ஒன்னது இல்லலா. அதுக்கு ஏங்கிட்ட வராத" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நிண்டெண்டோ இந்த விஷயத்தில் எவ்வளவு கடுமையானது என்பதையும் அவனுக்கு விளக்கினார். ஸ்விட்ச்சுக்கு உடைப்புக் கருவி விற்ற குழுவில் இருந்த ஒருவருக்கு 2022 இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. ஸ்விட்ச் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் யூசு என்னும் எமுலேட்டர் மென்பொருளை உருவாக்கியவர்கள் 2024 இல் 24 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். 2025 மே மாதத்தில் மாற்றிய பயனர் ஒப்பந்தத்தில், பூட்டை மீறினால் பெட்டியையே நிரந்தரமாகப் பயன்படாமல் ஆக்கிவிடலாம் என்று அந்த நிறுவனம் எழுதிக்கொண்டது. இந்தியாவில் அந்த ஒப்பந்த வரி நிற்குமா என்பது நீதிமன்றத்தில் பேச வேண்டிய விஷயம். ஆனால் பெட்டி முடங்கிப்போனால் அதற்குள் பையனின் லீவு முடிந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ பெட்டிகளுக்கான ஆன்லைன் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடிவிட்டது. அங்கே மட்டும் விற்கப்பட்ட விளையாட்டுகளை இனி காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஆய்வில் கண்டறிந்தது. விற்பதும் இல்லை, வைத்துக்கொள்ள விடுவதும் இல்லை என்றால் அவை அழிந்து போகும். இது குறித்து நம் சட்டத்தில் தனி வழி எதுவும் இல்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணைய வாயிலைத் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்னும் நான்கு துறைகளை எடுத்துக்கொண்ட அந்த முயற்சி, வழிகாட்டுதல் அளவில் பயனுள்ளதாக இருந்தாலும், டிரைவ் போர்டை ஜோடி சேர்ப்பது போன்ற பூட்டுகளை அசைக்கும் சட்டமாக இன்னும் ஆகவில்லை.

இனி கடையின் குறைகள். முதலாவது, அந்த நோட்டு. எழுதுவது சரி, ஆனால் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் மேசையில் திறந்தபடி கிடக்கின்றன. நான் கையெழுத்துப் போட்டபோது எனக்கு முன் வந்தவர்களின் வீட்டு எண் வரை படிக்க முடிந்தது. மேலே ஒரு அட்டையை வைத்து மறைத்தால் போதும், அதையும் செய்யவில்லை. இரண்டாவது, நோக்கம் என்னும் கட்டத்தில் பல வரிசைகளில் "ஜெயில்பிரேக்" என்ற ஒரே சொல் இருக்கிறது. அது செய்த வேலையின் பெயர். எதற்காக என்பதற்குப் பதில் ஆகாது. நாளை யாராவது கேட்டால் அந்த வரிசை அவரைக் காப்பாற்றாது, வெறும் ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கும். இதை அவரிடமே சொன்னேன். இனிமேல் விரித்து எழுதுவதாகச் சொன்னார். மூன்றாவது, ரசீது. தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். கேட்டால்தான் அதில் உதிரிபாகம் எது, கூலி எது, எத்தனை நாள் பொறுப்பு என்று பிரித்து எழுதுகிறார். கடைக்கு வெளியே 30 நாள் பொறுப்பு என்று எழுதியிருந்தும், டிரைவ் போர்டு போன்ற பழைய உதிரிபாகங்களுக்கு அது பொருந்தாது என்பதை வாய்ச்சொல்லாகவே சொல்கிறார். நான்காவது, சொன்ன நாளில் பெட்டி கிடைப்பதில்லை. லென்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போகும். போன் செய்தால் எடுப்பார், ஆனால் அவராக அழைத்துச் சொல்ல மாட்டார்.

வாரண்டி உள்ள புதிய பெட்டியை நான் அங்கே கொண்டுபோக மாட்டேன். அதை முதலில் கம்பெனி சர்வீஸில்தான் காட்ட வேண்டும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018 இல், சீலைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்னும் மிரட்டல் செல்லாது என்று சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகிய மூன்றுக்குமே கடிதம் அனுப்பியது உண்மைதான். ஆனால் அது அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படையில் எழுந்தது, அதைக் காட்டி இங்கே சர்வீஸ் சென்டரில் வாதாட முடியாது. வாரண்டி முடிந்த, அல்லது வாரண்டியே இல்லாத பெட்டிகளுக்கு இந்தக் கடையை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். பழைய பெட்டிகளுக்கு இவரைவிடக் கவனமான கையை நம் மாவட்டத்தில் நான் பார்க்கவில்லை.

அசல் டிஸ்க்குகளையும் ஏதாவது ஒரு முகவரிச் சான்றின் நகலையும் முதல் தடவையே எடுத்துக்கொண்டு போனால் நோட்டு வேலை சீக்கிரம் முடியும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மதியம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கழற்றக்கூடிய டிஸ்க் டிரைவ் உள்ள புதிய பிஎஸ்5 பெட்டியில், வேறு டிரைவைப் பொருத்தினால் முதல் தடவை இணையம் வழியாகச் சோனியின் சர்வரோடு பேசித்தான் அது பெட்டியோடு ஜோடி சேரும் என்பதால், அந்த வேலையை மட்டும் அவர் எடுப்பதில்லை. அதற்காகத் தென்காசியிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்கள் முன்னதாகவே போனில் கேட்டுவிட்டுக் கிளம்பவும்.